கண்டறிந்தது எங்கே போகிறது?

அன்புள்ள வாசக நண்பருக்கு,

டிசைன் ரிசர்ச் வேலைக்கு வரலாமா, அந்தத் துறைக்கு இனி எதிர்காலம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். மென்பொருள் நிறுவனத்தில் கோடிங் செய்துகொண்டிருக்கும் உங்களுக்கு, ஒரு பொருளை மக்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து, அதைக் கொண்டு அந்தப் பொருளைத் திருத்தும் வேலை பிடித்திருக்கிறது. கூடவே தயக்கமும் இருக்கிறது. ஆட்குறைப்புச் செய்திகளைப் படிக்கிறீர்கள். இதையெல்லாம் இனி ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது, இனியும் இருக்கும். கோளாறு தொழில் நடக்கும் விதத்தில் இருக்கிறது. ஆட்குறைப்பும் ஏஐயும் வருவதற்கு முன்பே இருந்த கோளாறு அது. ஆய்வில் கண்டது முடிவெடுக்கும் இடத்தை எட்டுவதில்லை. எட்டினாலும் அடுத்து வருபவர் எடுத்துப் படிக்கும்படி எங்கும் தங்குவதில்லை.

நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊர்ப் பொது இடத்தில் நிற்கும் அடிபம்பையே பாருங்கள். 1960களின் பிற்பகுதி வறட்சிக்குப் பிறகு, யுனிசெஃப் உதவியோடு இந்தியாவின் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். அவற்றின் மேல் வைத்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை வீடுகளுக்காகச் செய்யப்பட்டவற்றின் நகல்கள். ஒரு குடும்பம் நாளைக்குச் சில தடவை அடிப்பதற்கான பம்பை இங்கே ஒரு ஊரே விடிகாலையிலிருந்து இரவு வரை அடித்தது. 1970களின் நடுவில் எண்ணிப் பார்த்தபோது, ஏராளமான பம்புகள் ஓடாமல் கிடந்தன.

ஜனங்களுக்குப் பொறுப்பில்லை, போட்டு உடைத்துவிடுகிறார்கள் என்று பழியை அவர்கள் மேல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் பம்பின் எந்த இடம் தேய்கிறது என்று பார்த்தார்கள். மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் தொண்டு அமைப்புகளின் பட்டறைகளில் இருந்தவர்கள் ஏற்கெனவே இதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். வார்ப்பிரும்புக்குப் பதில் எஃகுத் தகட்டை வெல்டிங் செய்து தலைப்பகுதியை அமைத்தார்கள். கைப்பிடிக்கும் உள்ளே இறங்கும் கம்பிக்கும் நடுவே ஒரு செயினைக் கொடுத்தார்கள். கைப்பிடி வளைவாக ஏறி இறங்கினாலும் செயின் கம்பியை நேராகவே மேலே இழுக்கும். பக்கவாட்டு இழுப்பு இல்லாததால் தேய்மானம் குறையும். இந்த யோசனைகளை ஒன்றுசேர்த்து, கோவை வட்டாரத்துக் கிணறுகளில் மாட்டிச் சோதித்து உருவாக்கியதுதான் இந்தியா மார்க் 2. சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் அதைத் தயாரித்தது. 1979இல் இந்தியத் தரநிர்ணய அமைப்பு அதற்கான அளவுகளை வெளியிட்டது.

கதை அதோடு முடியவில்லை. மார்க் 2 உறுதியான பம்பு. ஆனால் கிணற்றுக்குள் இருக்கும் தோல் வாஷர் தேய்ந்துவிட்டால், அதை மாற்ற உள்ளே இறக்கிய பைப் மொத்தத்தையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு வேனும் கருவிகளும் பழகிய ஆட்களும் வெளியூரிலிருந்து வந்தாக வேண்டும். அவர்கள் வரும்வரை பெண்கள் பழைய கிணற்றுக்கோ குளத்துக்கோ நடக்க வேண்டும். 1983 முதல் 1988 வரை கோவைப் பகுதியில் ஒரு நீண்ட களச் சோதனை நடந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், யுனிசெஃப், உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து நடத்திய திட்டம் எல்லாம் அதில் பங்கெடுத்தன. பம்புகளை மக்கள் தினமும் அடிக்கும் இடத்திலேயே வைத்து, எந்த உறுப்பு எப்போது போகிறது, மாற்ற எத்தனை ஆட்கள் வேண்டும், ஊரிலேயே மாற்ற முடியுமா என்று தொடர்ந்து குறித்துவந்தார்கள்.

இரண்டு முக்கியமான விஷயங்கள் கிடைத்தன. தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் அதிக காலம் உழைத்தது. இன்னொன்று, மார்க் 2இல் இருந்த 32 மில்லிமீட்டர் பைப்பை 65 மில்லிமீட்டராக அகலப்படுத்தினால், பைப்பை அப்படியே விட்டுவிட்டுப் பிஸ்டனை மட்டும் உள்வழியாக மேலே இழுத்துவிடலாம். அப்போது வாஷர் மாற்ற வேன் வேண்டியதில்லை, ஊர் மெக்கானிக்கே போதும். இதிலிருந்து வந்ததுதான் மார்க் 3. அதற்கும் குறை உண்டு. அகலமான பைப் கனம், விலையும் கூடுதல். ஆழம் அதிகமான கிணறுகளில் சிரமம். அதனால் மார்க் 2 ஒழியவில்லை. இந்தக் குறைகளும் எழுதிவைக்கப்பட்டு எல்லாருக்கும் தெரிந்திருந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, கண்டறிந்தது எங்கே போனது என்பதை. அது நேராக இரும்பில் போய் உட்கார்ந்தது. பிறகு பொதுவில் கிடைக்கும் தரநிர்ணய ஏடாக ஆனது. காப்புரிமை என்று யாரும் பூட்டிவைக்காததால், பல பட்டறைகள் அதைச் செய்தன; ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனது. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் விசிட்டிங் கார்டில் டிசைன் ரிசர்ச்சர் என்று அச்சடித்துக்கொள்ளவில்லை.

இனி, ஒரு நிறுவனத்துக்குள் நடந்த ஆய்வுக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லூசி சச்மன் என்ற மானுடவியலாளர் வேலை பார்த்தார். புதிதாக வந்த பெரிய நகலெடுக்கும் இயந்திரம் ஒன்று குழப்புகிறது என்று வாடிக்கையாளர்கள் குறைபட்டார்கள். விளம்பரத்திலோ, ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று காட்டியிருந்தார்கள். சச்மன் அந்த இயந்திரத்தின் முன் ஆட்களை நிறுத்தி வீடியோ எடுத்தார். ஒரு காட்சியில் இருவர் ஒரு ஆய்வுக் கட்டுரையைத் தாளின் இரு பக்கமும் நகலெடுக்கப் பார்க்கிறார்கள், திணறுகிறார்கள். அதில் ஒருவர் ஆலன் நியூவெல், செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். இன்னொருவர் கணினி மொழியியல் அறிஞர் ரான் கேப்லன். இவர்களுக்கே புரியவில்லை என்றால் கோளாறு பயன்படுத்துபவரின் மூளையில் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. 1987இல் வந்த சச்மனின் நூல், மனிதரும் இயந்திரமும் உறவாடுவது பற்றிய ஆய்வையே திருப்பிப் போட்டது.

பின்னால் நடந்ததுதான் வேடிக்கை. ஜெராக்ஸில் ஒரு மானுடவியலாளர் ஆய்வு செய்து, இயந்திரத்துக்கு ஒரு பெரிய பச்சைப் பொத்தான் வேண்டும் என்று கண்டுபிடித்தார் என்ற கதை தொழில் உலகில் பரவியது. பொத்தான் முன்பே இருந்தது. எந்தப் புது இயந்திரத்தையும் பழகிக்கொள்ள உழைப்பு வேண்டும், அந்த உழைப்பை ஒற்றைப் பொத்தான் மறைக்கிறது என்பதுதான் சச்மன் சொல்ல வந்தது. பல ஆண்டுகள் கழித்து அவரே இதை விளக்கி எழுத வேண்டியிருந்தது. துறையில் மிகவும் பேர்பெற்ற ஆய்வுக்கே இந்த கதி. மூலத்தைப் படிக்க வழியிருந்தும் தலைகீழாக நினைவு வைத்திருந்தார்கள் என்றால், மூலமே வெளியில் வராத ஆயிரக்கணக்கான ஆய்வுகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

முடிவெடுக்கும் இடத்தை எட்டாத ஆய்வுக்கு நோக்கியா ஓர் உதாரணம். 2009 வாக்கில் டிரிஷியா வாங் என்ற ஆய்வாளர் சீனாவில் நோக்கியாவுக்காகக் களப்பணி செய்தார். தெருவோரம் வியாபாரம் செய்தும், இன்டர்நெட் கடைகளில் இளைஞர்களோடு இருந்தும், குறைந்த வருமானக்காரர்களும் ஸ்மார்ட்போன் வாங்கத் துடிக்கிறார்கள் என்பதைக் கண்டார். நிறுவனத்திடம் சொன்னார். உங்களிடம் இருப்பது நூறு பேர், எங்களிடம் இருப்பது லட்சக்கணக்கான தரவுகள், அதில் அப்படி எதுவும் தெரியவில்லையே என்று தள்ளிவிட்டதாக 2016இல் ஒரு மேடையில் சொன்னார். 2013இல் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை நின்றுபோனது. ஆலை மூடியதற்கு வரித் தகராறு உட்படப் பல காரணங்கள். ஒரு ஆய்வறிக்கையைக் கேட்டிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். கண்டவருக்கு முடிவில் பங்கில்லாவிட்டால், கண்டது சரியாக இருந்தும் பயனில்லை என்று மட்டும் சொல்வேன்.

இந்தத் துறை தன்னைத்தானே சந்தேகிப்பதும் புதிதில்லை. 1962இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்த வடிவமைப்பு முறைகள் பற்றிய மாநாட்டிலிருந்துதான் பலரும் துறையின் வரலாற்றைத் தொடங்குவார்கள். 1966இல் டிசைன் ரிசர்ச் சொசைட்டி உருவானது. வடிவமைப்பைக் கணக்குப் போல ஒழுங்குபடுத்திவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1964இல் வெளியிட்ட தம் நூலில், 600 பேர் வாழும் ஓர் இந்தியக் கிராமத்தின் தேவைகளை 141 ஆகப் பட்டியலிட்டு, அவற்றைக் கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். ஏழே ஆண்டில் அவரே இந்த முறைகளிலிருந்து விலகிக்கொண்டார். 1973இல் பேராசிரியர்கள் ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும், சமூகப் பிரச்சினைகளுக்குக் கணிதத்தைப் போல ஒரு சரியான விடை கிடையாது என்று எழுதினார்கள். தொடங்கியவர்களே தொடக்கத்தைக் கேள்வி கேட்டார்கள், அதைப் பொதுவில் எழுதினார்கள். அதனால்தான் இன்றும் நம்மால் அவர்களோடு வாதம் பண்ண முடிகிறது.

அதன் பிறகு துறை இரண்டு வீடாகப் பிரிந்தது. பல்கலைக்கழக வீட்டில் கட்டுரைகள், மாநாடுகள், முனைவர் பட்டங்கள். நிறுவன வீட்டில் யூசர் இன்டர்வியூ, பிரசன்டேஷன், டெட்லைன். ஒரு வீட்டில் எழுதுவது பணம் கட்டிப் படிக்கும் இதழ்களுக்குள் போகிறது. இன்னொரு வீட்டில் எழுதுவது ரகசிய ஒப்பந்தத்துக்குள் போகிறது. நிறுவனங்களில் களஆய்வு செய்பவர்களுக்காக 2005இல் தொடங்கிய எபிக் மாநாடு போலச் சில இடங்களில் இரு தரப்பும் சந்தித்துக்கொள்கிறார்கள். பொதுவாக ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதில்லை.

பிறகு பணம் வந்தது. 2010களில் செயலி இல்லாத தொழில் இல்லை என்றானபோது, நிறுவனங்கள் ஆய்வாளர்களைக் கும்பலாக எடுத்தன. டிசைன் திங்கிங் என்ற பெயரில் சுவரில் வண்ணத்தாள் ஒட்டும் வகுப்புகள் அரசு அலுவலகம் வரை போயின. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. ஆய்வாளர்களும் அந்த அலையில் வெளியேறினார்கள். டிசைன் திங்கிங்கை உலகெங்கும் கொண்டுபோன ஐடியோ நிறுவனமே 2023இல் ஆட்களைக் குறைத்து, மூனிக், டோக்கியோ அலுவலகங்களை மூடுவதாகச் சொன்னது.

அதே ஆண்டு ஜட் ஆன்டின் எழுதிய ஒரு கட்டுரை துறைக்குள் பெரிய சண்டையைக் கிளப்பியது. ஏர்பிஎன்பியில் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் அவர். ஆய்வு மூன்று ரகம் என்கிறார்: நிறுவனத்தின் திசையைத் தீர்மானிக்கும் பெரிய ஆய்வு ஒன்று, ஒரு பொத்தான் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சின்ன ஆய்வு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் சுவையாக இருந்தும் எந்த முடிவுக்கும் உதவாத ஆய்வு ஒன்று. இந்த நடு ரகத்தையே நாம் அதிகம் செய்தோம் என்பது அவர் வாதம். பாதி சரி. யாரும் கேட்காத கேள்விக்கு நாற்பது பக்கத்தில் பதில் எழுதிக் கொடுத்தால் யார் படிப்பார்? ஆனால் பழியை முழுக்க ஆய்வாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை. புராடக்ட் மேனேஜர் முடிவை எடுத்துவிட்டு, அதற்கு ஒப்புதல் வாங்க ஆய்வு கேட்பது அன்றாடம் நடப்பது. கோவையில் பைப்பின் அகலத்தை மாற்றச் சொன்னபோது, மாற்றும் அதிகாரம் உள்ளவர்களும் அதே திட்டத்தில் இருந்தார்கள். ஆய்வாளர்களின் திறமையைவிட அந்த அமைப்புதான் முக்கியம்.

நம் ஊரில் இந்த வேலை நடக்கும் விதமும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நேர்காணலுக்கு ஆள் பிடித்துத் தர ஏஜென்சிகள் இருக்கிறார்கள். வயது, வருமானம், எந்தப் போன் என்று ஒரு பட்டியல் போகும். அவர்களும் சொன்ன நேரத்துக்குள் ஆள் தர வேண்டும் என்பதால், பதில் சொல்லிப் பழகியவர்களே திரும்பத் திரும்ப வந்து உட்காருவதுண்டு. தமிழில் பேசிக் கேட்பவர் ஒருவர். அதை ஆங்கிலத்தில் சுருக்குபவர் இன்னொருவர். பொருள் சொல்பவர் வேறு ஊரிலோ நாட்டிலோ இருப்பவர். வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தவருக்கு அறிக்கையில் பெயர்கூட இருக்காது. பேசிய பெண்ணுக்கு ஒரு பரிசுக் கூப்பன் போகும். அவர் சொன்னதால் என்ன மாறியது என்று யாரும் திரும்பிப் போய்ச் சொல்வதில்லை.

கடைகளில் யுபிஐ பணம் வந்ததும் சத்தமாகத் தமிழில் சொல்லும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். மளிகைக் கடைக்காரர் ஒரு கையில் தராசும் ஒரு கையில் பையுமாக நிற்பவர். போனை எடுத்துப் பார்க்க முடியாது. போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுபவர்கள் உண்டு. கல்லாவில் முதலாளி இல்லாமல் வேலைக்காரப் பையன் இருக்கலாம். இந்த மூன்று சங்கடத்தையும் ஒரு குரல் தீர்க்கிறது. எளிமையான, அருமையான வடிவமைப்பு. சரி, இதை ஒரு வடிவமைப்பு மாணவி படிக்க விரும்பினால் எங்கே போவாள்? எத்தனை கடைகளில் சோதித்தார்கள், எந்தச் சத்த அளவு தெருவில் எடுபட்டது, எது சரிப்படவில்லை என்பதையெல்லாம் மார்க் 2 பம்பின் அளவுகளைப் போல ஒரு பொது ஏட்டில் புரட்டிப் பார்க்க முடியுமா? தொழிலின் அறிவு நிறுவனத்தின் சொத்தாக இருக்கும்வரை, அடுத்தவர் அதே கேள்வியை அதே செலவில் மறுபடி தொடங்குவார். இப்படி ஆண்டுக்கணக்காகப் பூஜ்யத்திலிருந்தே தொடங்கும் ஒன்றைத் துறை என்று அழைப்பது கஷ்டம்.

ஏஐ பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆட்களைத் தேட வேண்டாம், செயற்கைப் பயனாளர்களிடமே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள் என்று விற்பவர்கள் வந்துவிட்டார்கள். பேட்டிகளை எழுத்தாக்கவும், பழைய குறிப்புகளைத் தேடவும் ஏஐ நல்ல உதவி, பயன்படுத்துங்கள். ஆனால் அது இதுவரை எழுதப்பட்டதிலிருந்து பேசுகிறது. வாஷர் தேய்ந்த பம்பை அடித்த பெண் எதையும் எங்கும் எழுதிவைக்கவில்லை. மனிதர்கள் ஒன்று சொல்வார்கள், கை வேறொன்று செய்யும்; அந்த இடைவெளியைப் பார்க்கத்தான் ஆய்வாளர் போகிறார். செயற்கைப் பயனாளருக்குச் சொல் மட்டும்தான் உண்டு, கை கிடையாது. ஒப்புதல் வாங்குவதற்காக மட்டும் செய்யப்பட்ட ஆய்வை ஏஐ எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளட்டும், அதில் நஷ்டம் பெரிதாக இல்லை.

எனவே வரலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வாருங்கள், ஆனால் பதவிப் பெயரைப் பார்த்து வராதீர்கள். டிசைன் ரிசர்ச்சர் என்ற பெயரில் வேலைகள் இன்னும் குறையலாம். குடிநீர், மருத்துவமனை, பேருந்து, வேளாண் கருவி, அரசு இணையச் சேவை என்று இந்த வேலை தேவைப்படும் இடங்கள் குறையப்போவதில்லை. அங்கே பெயர் வேறாக இருக்கும், சம்பளம் குறைவாக இருக்கலாம், முடிவுக்குப் பக்கத்தில் இருப்பீர்கள்.

வந்த பிறகு எழுதுங்கள். ஒப்பந்தம் தடுக்காத எதையும் எழுதுங்கள்: பயன்படுத்திய முறை, பலிக்காமல் போன சோதனை, களத்தில் பார்த்த ஒரு பழக்கம். தமிழில் எழுதுங்கள். நீங்கள் பார்த்த மனிதர்களின் பிள்ளைகள் அதைப் படித்து, அப்படியில்லை என்று உங்களைத் திருத்தும்படி எழுதுங்கள். திருத்த முடிகிற அறிவுதான் தொழிலை வளர்க்கும்.

வேலை நேர்காணலில் அவர்கள் உங்களிடம் பல கேள்விகள் கேட்பார்கள். நீங்கள் இரண்டு கேளுங்கள். போன வருடம் செய்த ஆய்வினால் எந்த முடிவை மாற்றினீர்கள்? அந்த அறிக்கையை இன்று சேரும் ஒருவர் எடுத்துப் படிக்க முடியுமா? இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் சேருங்கள். வராவிட்டால், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

அன்புடன்.